கிழிக்கக் கூடாத கடுதாசி

நான் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. என்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும் எனக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். தெருநாய்க்குப் பயம், இடிக்குப் பயம், தலைமை அலுவலகத்திலிருந்து வரும் பழுப்பு உறைக்குப் பயம். எழுபதுகளின் கடைசியில் காரைக்காலில் ஓர் ஐஸ் கம்பெனியில் கடிதப் பிரிவு குமாஸ்தாவாக இருந்தேன். படகுக்காரர்களிடம் இறால் வாங்கி, ஐஸ் போட்டுச் சென்னைக்கு அனுப்புகிற கம்பெனி அது. பிளாண்ட் பக்கம் அமோனியா வாடை கொஞ்சம் தூக்கலாக அடித்தாலே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிற முதல் ஆள் நான். "உங்க மூக்க வாசல்ல மாட்டி வச்சா நமக்கு அபாய மணியே வேண்டாங்க" என்று பிளாண்ட் ஆட்கள் கேலி பேசுவார்கள். பேசட்டும். உயிர் என்னுடையது.

வருகிற கடிதத்தைக் கோப்பில் சேர்ப்பது, போகிற கடிதத்தின் கார்பன் நகலைக் கோப்பில் சேர்ப்பது, இரண்டும்தான் என் வேலை. எந்தக் காகிதத்தையும் நான் தூக்கி எறிந்ததில்லை. எறிந்தால் மறுநாளே அதைக் கேட்டு ஒருவர் வந்து நிற்பார் என்பது என் நம்பிக்கை. எனக்கு முன் இருந்தவரும் அப்படித்தான் போலிருக்கிறது. அலுவலகத்தின் பின்னறை தரையிலிருந்து உத்தரம் வரைக்கும் பழைய கடிதம். கடல் காற்றில் ஊறி, இறால் வாடை ஏறி, பாதியைக் கரையான் தின்றுகொண்டிருந்தது.

அப்போதுதான் பழுப்பு உறை வந்தது. ஒவ்வொரு கிளையும் தன்னிடமுள்ள கடிதங்களுக்கு ஓர் அட்டவணை போட வேண்டும். எந்த வகைக் கடிதத்தை எத்தனை வருஷம் வைத்திருப்பது, கெடு முடிந்தால் எதை எரிப்பது என்று எழுதி அனுப்ப வேண்டும். ஒப்புதல் வந்ததும் எரித்துவிட வேண்டும். மேனேஜர் அதைப் படித்துவிட்டு என் மேசையில் வைத்தார். அவர் எங்கள் கிளைக்கு மாற்றலாகி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தது.

"எதையும் தூக்கிப் போடாத ஆளு நீங்க. நீங்களே போடுங்க அட்டவணைய. கடைசில கையெழுத்தும் நீங்களே போட்டுடுங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் கடிதத்தை எடுத்து மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

கார்த்திகை மாதம் முழுக்க அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன். பாங்கிக் கடிதம், லாரிக்காரர் கடிதம், ஏற்றுமதிப் பரிசோதனைக் கடிதம், மின்சார வாரியத்தோடு போட்ட சண்டை, தொழிலாளிகளின் லீவு விண்ணப்பம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு எழுதுவேன். வீட்டுக்குப் போகும் வழியில் பயம் வந்து, மறுநாள் காலையில் அந்தக் கெடுவை இரண்டு மடங்காக்குவேன். தொழிலாளி சம்பந்தப்பட்ட காகிதங்களை அவர் ஓய்வுபெறும் வரை தொடவே கூடாது என்று எழுதினேன். அதில் எனக்கு நிம்மதி.

எனக்கு உதவியாக இருந்தவர் தபால் பிரிக்கிற அண்ணன். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து இருப்பவர். தபால்காரர் கொண்டுவருவதை வாசற்படியில் உட்கார்ந்து பிரித்து, பதிவேட்டில் ஏற்றி, முத்திரை குத்தி உள்ளே அனுப்புவார். அவருக்கு எரிக்கிற வேலையே பிடிக்கவில்லை. பிள்ளையார் சுழி போட்ட கடிதத்தை நெருப்பில் போட மாட்டேன் என்றுவிட்டார். ஓரத்தில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையும் கூடாது. கம்பெனிக்கு வந்த கல்யாணப் பத்திரிகைகளே ஒரு கட்டு இருந்தன. அதையெல்லாம் தனியாக எடுத்து, அரசலாற்றில் விடுவதற்காக ஒரு சாக்கில் கட்டினார். நானும் தடுக்கவில்லை. தெய்வ குற்றம் என்றால் அதற்கும் எனக்குப் பயம்தான்.

ஒப்புதல் வந்தது. போகியன்று காலை எரிப்பது என்று மேனேஜர் நாள் குறித்தார். ஊரே பழையதை எரிக்கும்போது நாமும் எரித்தால் யாரும் என்ன ஏதென்று கேட்கமாட்டார்கள் என்பது அவர் கணக்கு. பிளாண்டுக்குப் பின்னால் குழி வெட்டி மூட்டினோம். கடல் காற்று என்றைக்குத்தான் எங்கள் பேச்சைக் கேட்டிருக்கிறது? அரைகுறையாக எரிந்த தாள்கள் கம்பெனி முத்திரையோடு மதிலைத் தாண்டித் தலத்தெரு திசையில் கிளம்பிவிட்டன. நான் மதில் ஏறிக் குதித்து, பொங்கலுக்கு மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர்கள் நடுவே கருகிய காகிதங்களைத் துரத்தினேன். "என்னங்க, நோட்டு அடிக்கிறீங்களா?" என்று ஒருவர் கேட்டார். சிரித்து வைத்தேன். எரியும்போது ஒவ்வொரு தாளையும் புரட்டிப் பார்த்துத்தான் போட்டேன். ஆனால் எல்லாவற்றையும் பார்த்தேனா என்று அன்று மாலையே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

தை மாதம் பாதியில் அந்தப் பெண் வந்தாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. நெற்றியில் பொட்டு இல்லை. திருவாரூர்ப் பக்கம் பிறந்த வீட்டிலிருந்து பஸ் மாறி வந்திருந்தாள். அவள் புருஷன் எங்கள் பிளாண்டில் ஐஸ் பார் இறக்குகிற வேலையில் இருந்தவர். மஞ்சள் காமாலை என்று லீவு எடுத்துக்கொண்டு மாமனார் ஊருக்குப் போனவர் அங்கேயே இறந்துவிட்டார். அது நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

நிரந்தரத் தொழிலாளி வேலையில் இருக்கும்போது இறந்தால் மனைவிக்கோ பிள்ளைக்கோ கம்பெனியில் ஒரு வேலை உண்டு. ஆனால் ஆறு மாதத்துக்குள் குடும்பத்தார் எழுத்துமூலம் தெரிவித்திருக்க வேண்டும்.

"வருஷம் திரும்புற வரைக்கும் வெளிய கெளம்பக்கூடாதுன்னுட்டாங்க சார்" என்றாள். "அதான் பள்ளிக்கூடத்து வாத்தியாரய்யாவ விட்டுக் கடுதாசி எழுதிப் போட்டேன். அவுங்க போன பத்தாம் நாளே போட்டாச்சு."

மேனேஜர் தபால் பதிவேட்டைப் புரட்டினார். அப்படி ஒரு கடிதம் ஏறவில்லை. கோப்பைக் கொண்டுவரச் சொன்னார். அதில் கடைசியாக இருந்தது அவள் புருஷனுடைய லீவு விண்ணப்பம்தான். தலைமை அலுவலகக் கணக்கில் அவர் 'தகவலின்றி வேலைக்கு வராமல் நின்றவர்'. அவர் இறந்தது ஐஸ் கம்பெனி முழுக்கத் தெரியும். எனக்கே தெரியும். காகிதத்துக்குத்தான் தெரியாது.

மேனேஜர் பதிவேட்டை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "போகிக்கு எரிச்சது யாரு?"

நான் அட்டவணையை எடுத்து நீட்டினேன். "சார், தொழிலாளி காகிதம் எதையும் நான் எரிக்கல. அட்டவணையில அப்படித்தான் எழுதியிருக்கேன்."

"எழுதியிருக்கீங்க. எரிக்கும்போது தவறி விழுந்திருந்தா? உங்க கையெழுத்துதானே இருக்கு?"

அவள் லேபர் ஆபீசரிடம் மனுக் கொடுத்தாள். விசாரணைக்கு நாள் குறித்துத் தாக்கீது வந்தது. தலைமை அலுவலகம் என்னிடம் விளக்கம் கேட்டது. சாட்சியத்தை அழித்ததாகத் தெரியவந்தால் போலீசுக்குப் போகத் தயங்கமாட்டோம் என்று கடைசி வரியில் எழுதியிருந்தார்கள். அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. என் வீடிருந்த விழிதியூரிலிருந்து சைக்கிளில் வரும்போது எதிரே ஜீப் வந்தால் இறங்கி வரப்பில் நின்றுகொள்வேன். வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். நான் சிறைக்குப் போனால் அவர்களை யார் கட்டுவார்கள் என்று, பால் பல்லே விழாத குழந்தைகளுக்கு, நான் கவலைப்பட்டேன். இதில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அந்தப் பெண் கம்பெனிக்கு எதிரே பூவரச மரத்தடியில் வந்து உட்கார ஆரம்பித்தாள். தலத்தெருவில் யாரோ தெரிந்தவர் வீட்டில் தங்கியிருந்தாளாம். சத்தம் போடவில்லை, சாபம் விடவில்லை. நான் சைக்கிளை நிறுத்தும்போது எழுந்து நிற்பாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஒருவேளை நான்தான் எரித்தேனோ, அவள் குழந்தையின் சோற்றை என் கையாலேயே நெருப்பில் போட்டேனோ என்ற நினைப்பு, அவள் எழுந்து நிற்கும்போதெல்லாம் வரும். பின்பக்க வழியாக வரத் தொடங்கினேன்.

விசாரணைக்கு முந்தின சனிக்கிழமை. அரை நாள் முடிந்து வீட்டுக்கு வந்து சைக்கிளைச் சாத்துகிறேன், தபால்காரர் படலுக்கு வெளியே நின்று மணியடித்தார். என் மனைவி போய் ஒரு கார்டை வாங்கினாள். மூலையில் கறுப்பு மை தடவியிருந்தது. அவள் உள்ளே வரவில்லை. படலுக்கு வெளியே நின்றபடியே படித்தாள், நாலாகக் கிழித்தாள், வாய்க்காலில் போட்டாள். வாசலில் இருந்த வாளியில் கையைக் கழுவிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"ஏங்க, உங்க பெரியப்பா மகன் போயிட்டாராம்."

"எந்த ஊர்க்காரரு?" என்று கேட்க வாயெடுத்தவன் அப்படியே நின்றேன். இதே மாதிரி வார்த்தைகளை நான் ஒரு வருஷத்துக்கு முன்பு கேட்டிருந்தேன். அலுவலகத்தில், என் மேசைக்கு எதிரே நின்று, தபால் அண்ணன் சொன்னார்: "தம்பி, நம்ம பார் எறக்குறவன் போயிட்டானாம்." அன்றைக்கு அவர் கை ஈரமாக இருந்தது. 'அடப்பாவமே' என்றேன், வேலையைப் பார்த்தேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவே இல்லை. ஏன் கேட்கப்போகிறேன்? என் வீட்டிலும் சாவுச் செய்தி அப்படித்தானே வருகிறது. கடுதாசி வாசலோடு போய்விடும். செய்தி மட்டும் ஈரக் கையோடு உள்ளே வரும்.

ஒரு மாதம் முழுக்க அந்தப் பின்னறையைத் தாள் தாளாகப் புரட்டியவன் நான். ஒரு கட்டு கல்யாணப் பத்திரிகை பார்த்தேன். ஒரே ஒரு சாவுக் கடுதாசிகூடப் பார்க்கவில்லை. இல்லாதது கண்ணில் படவே இல்லை.

திங்கட்கிழமை வாசற்படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அண்ணே, சாவுக் கடுதாசி வந்தா எந்தக் கோப்புக்கு அனுப்புவீங்க?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கோப்புக்கா? ஏன் தம்பி, ஆபீசு வெளங்க வேண்டாமா? படிச்ச உடனே கிழிச்சிடுவேன். சாமான் சட்டு எல்லாம் உள்ள இருக்கு, லட்சுமி படம் இருக்கு."

"பதிவேட்டுல?"

"அதுல ஏத்துனா அந்தப் பக்கம் பூரா தீட்டுல்ல?" சொல்லிக்கொண்டே வந்தவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. கையிலிருந்த முத்திரையைக் கீழே வைத்தார். "அந்தப் பொண்ணு போட்டது வந்துச்சு தம்பி. இன்லேண்டு. அப்ப இருந்த மேனேஜர்கிட்ட வாயால சொன்னேன். அவரும் உச்சுக் கொட்டினாரு. வேலைக்கு ஆவுற காகிதம்னு எனக்குத் தோணவே இல்லியே."

ரிடையர் ஆக அவருக்கு இரண்டு வருஷம்கூட இல்லை. அவருக்கும் பயம் வந்துவிட்டது. நான் வாயைத் திறந்தால் அவர் போவார். திறக்காவிட்டால் நான் போவேன். கூடவே எதிரே மரத்தடியில் இருப்பவளின் சோறும் போகும். "யாருகிட்டயும் சொல்லாதீங்க தம்பி" என்றார் கடைசியில். நான் முத்திரையை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

விசாரணை எங்கள் மேனேஜர் அறையிலேயே நடந்தது. லேபர் ஆபீசர் கனத்த கண்ணாடி போட்ட மனிதர். அந்தப் பெண் குழந்தையோடு சுவரோரம் நின்றாள். அண்ணன் தண்ணீர்த் தம்ளரோடு கதவருகே நின்றார். மேனேஜர் அழகாகப் பேசினார்: கம்பெனி மீது தவறில்லை, கடிதம் வரவில்லை, வந்திருந்தால் எரித்த குமாஸ்தா பொறுப்பு.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று ஆபீசர் என்னைக் கேட்டார்.

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் குழந்தை என் சட்டைப் பையிலிருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தது. தைரியம் வந்து பேசவில்லை. இன்னும் ஒரு நிமிஷம் அப்படி நின்றால் விழுந்துவிடுவேன் என்ற பயத்தில்தான் பேசினேன்.

"சார், அந்தக் கடிதம் வந்துச்சு. அத யாரும் எரிக்கல. வந்த அன்னைக்கே கிழிச்சாச்சு. எங்க ஆபீசுல சாவுக் கடுதாசிய வச்சிக்கிறதில்ல. பின்னறையில தேடிப் பாருங்க, கம்பெனி ஆரம்பிச்சதுலேர்ந்து ஒண்ணுகூட இருக்காது."

"யார் கிழிச்சது?"

நான் தரையைப் பார்த்தேன். தம்ளர் கதவோரம் மேசையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"நாந்தாங்க" என்றார் அண்ணன். "கடுதாசி வந்தது நெசம். கருப்பு மை வச்ச இன்லேண்டு. நான் படிச்சேன்."

மேனேஜர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "கம்பெனிக் கடிதத்தைக் கிழிக்கிறதா? எந்தப் பைத்தியக்காரனாவது…"

ஆபீசர் கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார். "உங்க வீட்டுக்குச் சாவுக் கடுதாசி வந்தா என்ன சார் பண்ணுவீங்க?"

மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்கப்பா போனப்ப நான் உக்காந்து ஊர் ஊரா கடுதாசி எழுதினேன். அதுல ஒண்ணாவது இன்னைக்கி எங்கயாவது இருக்குமா?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடிதம் கெடுவுக்குள் வந்து சேர்ந்தது என்று அண்ணன் சொன்னதை எழுதிக் கையெழுத்து வாங்கினார்.

அவளுக்கு எங்கள் அலுவலகத்திலேயே கூட்டித் துடைக்கிற வேலை கிடைத்தது. அண்ணனுக்குத் தலைமை அலுவலகம் எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டது. ஆனால் தபால் பிரிக்கிற வேலையை அவரிடமிருந்து எடுத்து யாரிடம் கொடுத்தார்கள் என்கிறீர்கள்? என்னிடம்தான். கூடவே, அட்டவணையில் ஒரு புதுத் தலைப்பைச் சேர்க்கச் சொன்னார்கள். இறப்புத் தகவல்கள்: நிரந்தரமாக வைக்கப்பட வேண்டும்.

எழுதுவது சுலபம். முதல் கடுதாசி வந்த அன்று அதைக் கிழிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு வாசற்படியைத் தாண்டினேன் பாருங்கள், அந்த ஓர் அடி எடுத்து வைக்க எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. உள்ளே யாரும் அந்தக் கோப்பை ஏற்கவில்லை. பெட்டகம் இருக்கிற அறை வேண்டாம் என்றார் கணக்கர். என் அறைக்குள் கொண்டுவந்துவிடாதீர்கள் என்றார் மேனேஜர். கடைசியில் என் நாற்காலிக்குப் பின்னால், கதவு மறைவில், ஓர் அலமாரித் தட்டில் அது மட்டும் தனியாக இருந்தது. வருஷங்கள் போகப் போகக் கனத்தது. முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது மாதிரியே எனக்கு இருக்கும். அப்படிக் கடுதாசி வந்த நாட்களில் என் மனைவி கிணற்றடியில் தலை முழுகாமல் என்னை வீட்டுக்குள் விடமாட்டாள். காய்ச்சல் வந்தால் அந்தக் கோப்பால்தான் என்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அதைத் தொட்டுத் தூசி தட்டியவள் அந்தப் பெண் ஒருத்திதான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, லட்சுமி படத்தைத் துடைக்கிற அதே துணியால் அதையும் துடைப்பாள். நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வேன்.

எண்பதுகளில் ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரம். அலுவலகத்தில் வேறு யாரும் இல்லை. அவள் கோப்பைத் துடைத்தவள் கீழே வைக்காமல் நின்றாள். அவளுடைய பெண் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

"சார், ஒண்ணு கேக்கட்டுங்களா? இதுல எல்லார் வீட்டுக் கடுதாசியும் இருக்குன்னு சொல்றாங்க. எங்க வீட்டுக்காரரோடது மட்டும் இல்லீங்களே."

"அது அப்பவே கிழிச்சதும்மா."

"தெரியும் சார். நீங்க ஒண்ணு எழுதி வைங்களேன். அவுங்க பேரு, ஊரு, இன்ன நாள்ல போனாங்கன்னு. எம் பொண்ணு எழுதுறேன்னா. புள்ளய எழுத வைக்க மனசு வரல."

என் பயத்துக்கெல்லாம் பெரிய பயம் அன்று வந்தது. அதுவரை நான் கையால் ஒரு சாவுக் கடுதாசி எழுதியவனில்லை. எங்கள் குடும்பத்தில் அதையெல்லாம் சித்தப்பா எழுதிவிடுவார். மாட்டேன் என்று சொல்லிவிடலாம் என்று அவளை நிமிர்ந்து பார்த்தேன். மரத்தடியில் எழுந்து நிற்பாளே, அதே மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.

ஒரு தாளை எடுத்து வைத்தேன். பழக்கத்தில் கை தாளின் உச்சிக்குப் போய் வளைந்தது.

"சுழி போடாதீங்க சார்" என்றாள்.

போடவில்லை. மூலையில் கறுப்பு மையைத் தொட்டு வைத்தேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். எழுத்து கோணிக்கொண்டே போனது. முடித்ததும் அவளே வாங்கி, கோப்பில் எல்லாவற்றுக்கும் அடியில், முதலாவதாக வைத்துக் கட்டினாள். கட்டிய பிறகும் முடிச்சின் மேல் கை இருந்தது.

"இனிமே யாரும் கிழிக்க மாட்டாங்கள்ல?"

"கிழிக்கக் கூடாதும்மா."

"எத்தன வருஷத்துக்குச் சார்?"

அட்டவணையில் நானே எழுதியிருந்த சொல்தான்.

"எப்பவும்" என்றேன்.